ஓய்வுநாளில் வந்த கோழிகள்

அந்த வெள்ளிக்கிழமை பெர்னடெற் வேலை முடிந்து வெளியே வந்தபோது லண்டனைக் காணவில்லை. ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்று, காலையில் தான் வந்த வீதி இதுதானா என்று கொஞ்சநேரம் பார்த்தாள். கார்களெல்லாம் மேடுகளாகியிருந்தன. வேலிகள் போன இடம் தெரியவில்லை. நாள் முழுக்க லோண்டரியில் வெள்ளை விரிப்புகளை உதறி உதறி மடித்தவளுக்கு, மடிக்காமல் விட்டதையெல்லாம் யாரோ தூக்கி வந்து ஊர்மேல் விரித்துவிட்டது போலிருந்தது. பஸ் ஓடவில்லை. நடந்தாள். தன் காலடிச் சத்தமே தனக்குக் கேட்காமல் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் வரைக்கும் நடந்தாள்.

அது தொண்ணூற்றோராம் ஆண்டு பெப்ரவரி. மன்னாரிலிருந்து வந்து மூன்று வருடமாகியும் அப்படியொரு பனியை அவள் கண்டதில்லை.

அவளும் கணவன் கிறிஸ்துராஜாவும் குடியிருந்தது யூதர்கள் நெருங்கி வாழும் ஒரு தெருவின் மாடி வீட்டில். வாடகை குறைவு. அதற்குக் காரணம் குசினி யன்னலுக்குக் கீழே இருந்தது. அங்கே ஒரு சின்ன முற்றம், தகரக் கூரை போட்ட தாழ்வாரம், செங்கல் கொட்டில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழிகள் வந்திறங்கும். யூத முறைப்படி அறுக்கப்பட்டுக் கடைகளுக்குப் போகும். அந்த நாட்களில் பெர்னடெற் யன்னல் சீலையை இழுத்துவிட்டுத்தான் சமைப்பாள். நாற்றம் தாங்காமல் கிறிஸ்துராஜா ஒருமுறை கவுன்சிலுக்குப் போன் அடித்து முறைப்பாடு சொன்னான். யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு முற்றத்து ஆட்களும் மாடி வீட்டு ஆட்களும் தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கீழே லொறிச் சத்தம் கேட்டது. முதல் நாளே வந்திருக்க வேண்டிய லொறி. பனியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் வந்து நின்றது. சாரதி பெட்டிகளை அவசர அவசரமாக இறக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். எல்லாம் மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றின் கம்பி இடைவெளியிலும் வெள்ளை இறகு பிதுங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நீள அங்கியும் சிவந்த தாடியுமாக ஒருவர் ஓடி வந்து சாரதியோடு வாதாடினார். கோழி அறுப்பவர் அவர்தான், பெயர் லிப்மன் என்று பெர்னடெற்றுக்குத் தெரியும். அவர் வானத்தைக் காட்டினார்; சாரதி வீதியைக் காட்டினான். பிறகு லொறி போய்விட்டது. லிப்மனும் முற்றத்து வேலையாளும் பெட்டிகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்து மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டார்கள். லிப்மன் இன்னொருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சுற்றியிருந்த யன்னல்களில் ஒவ்வொன்றாக மெழுகுதிரிகள் எரியத் தொடங்கின. அவர்களுடைய ஓய்வுநாள் பிறந்துவிட்டது.

கிறிஸ்துராஜா போன் எடுத்தான். லண்டனின் மறுகோடியில், சட்டனில் பெற்றோல் ஷெட்டில் அவனுக்கு வேலை.

"ரெயினெல்லாம் நிண்டுபோச்சு பெர்னா. நான் இஞ்ச கூட வேலை செய்யிற யோகலிங்கத்தின்ர றூமில நிக்கிறன். நீர் கதவைப் பூட்டிப்போட்டுப் படும்."

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் ஓம். அங்க ஹீற்றர் வேலை செய்யுதோ?"

"செய்யுது," என்றாள்.

காலையில் கண் விழித்தபோது அறை முழுக்க வெள்ளை வெளிச்சமாக இருந்தது. விளக்கை அணைக்காமல் படுத்துவிட்டோமோ என்று எழும்பிப் பார்த்தாள். பனிதான். யன்னல் கண்ணாடியில் பாதியளவு ஒட்டியிருந்தது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று தெரிய நேரமெடுத்தது. நேற்றிரவு கேட்டுக்கொண்டிருந்த கோழிகளின் சத்தம் இல்லை.

சீலையை விலக்கினாள். தார்ப்பாய் பனிப் பாரத்தில் பெட்டிகள்மேல் தொய்ந்து கிடந்தது. ஓரத்துப் பெட்டியொன்றின் இடைவெளியில் ஒரு அலகு வெளியே நீண்டு, கம்பியில் ஒட்டியிருந்த பனியைக் கொத்தியது. நின்றது. மறுபடி கொத்தியது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, கீழே கதவு தட்டப்பட்டது.

வாசலில் லிப்மனும் ஒரு பெண்ணும். இருவர் கையிலும் ஒன்றுமில்லை, குடைகூட இல்லை. பெண்ணின் தலைத்துணியில் பனி அப்பியிருந்தது. லிப்மன் பெர்னடெற்றின் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

"காலை வணக்கம். முற்றத்தில் மிகவும் குளிராக இருக்கிறது."

"ஓம், குளிர்தான்," என்றாள் பெர்னடெற், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். வேறென்ன சொல்வது?

"கொட்டிலுக்குள் காஸ் ஹீற்றர் ஒன்று இருக்கிறது. அது எரியவில்லை."

பெர்னடெற் விழித்தாள். அந்தப் பெண் கணவரின் கையைத் தொட்டு, "ஹெர்ஷல், இதற்கு நேராகவே கேட்கலாம். கேள்," என்றாள். பிறகு அவளே கேட்டாள். "நான் ஃபெய்கா. இவருடைய மனைவி. இன்று எங்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக்கூடாது, கோழியைக் கையால் தூக்கக்கூடாது, தெருவில் ஒரு வாளி தண்ணீர்கூடச் சுமந்து வரக்கூடாது. செய்து தரச் சொல்லிப் பிறரை நேராகக் கேட்கவும் கூடாது. வேலையாள் காலையில் வருவதாகச் சொன்னான், அவனுக்கு ரெயின் இல்லை. கோழிகள் நேற்று முன்தினத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வேறு எதற்கும் உங்களைக் கேட்கமாட்டோம். ஒரு உயிர் வேதனைப்படுகிறது என்றால் அயலவரைக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்."

பெர்னடெற்றுக்குக் கவுன்சில் முறைப்பாடு ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் வந்திருக்கும். அதைத் தாண்டித்தான் இந்தப் படியில் வந்து நிற்கிறார்கள்.

"கோட்டைப் போட்டுக்கொண்டு வாறன்," என்றாள்.

முற்றத்தில் பனி முழங்கால் வரைக்கும் இருந்தது. தார்ப்பாயை அவள் இழுத்தபோது பனி ஒரு பெருமூச்சோடு சரிந்து விழுந்தது. முதற்பெட்டியைத் திறந்து கையை விட்டாள். வெதுவெதுப்பு. அந்தக் குளிருக்குள் அப்படியொரு வெதுவெதுப்பை எதிர்பார்க்காததால் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். பிறகு மெல்ல விட்டு, ஒரு கோழியை இரண்டு கையாலும் அள்ளினாள். அது அடம்பிடிக்கவில்லை, கழுத்தை அவள் முழங்கையில் போட்டுக்கொண்டது. கொட்டிலுக்குள் கொண்டுபோய் மரத்தூள்மேல் விட்டாள். அது நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சுற்றுமுற்றும் பார்த்தது.

"அது நடந்து பழகியிருக்காது," என்றாள் ஃபெய்கா. "நடக்க இடம் இருந்திருந்தால்தானே."

பெர்னடெற் தூக்கித் தூக்கிக் கொண்டுவந்தாள். லிப்மன் பனியைக் காலால் தள்ளி வழி விட்டார். தூக்கக்கூடாத கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். சில பெட்டிகளின் அடியில் இருந்தவை செத்திருந்தன. மற்றவை அவற்றின்மேல் நின்றிருந்தன. அவற்றை அவள் சுவரோரம் தனியாகக் கிடத்தினாள். சிறகு முறிந்தவையும் இருந்தன. ஒவ்வொன்றையும் லிப்மன் குனிந்து பார்த்தார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஹீற்றரை மூட்டினாள். முற்றத்துக் குழாய் உறைந்திருந்தது. மாடிக்கு ஏறிக் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, வாளியில் கொண்டுவந்தாள். மூன்று நாலு தரம் ஏறி இறங்கினாள். கோழிகள் அலகைத் தோய்த்துத் தலையை அண்ணாந்து குடித்தன. அத்தனை வெள்ளைக் கழுத்துகள் ஒன்றாக நிமிர்வதும் தாழ்வதுமாக இருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு மாதா கோயில் பூசையில் சனம் முழந்தாளிட்டு எழும்புவது போலிருந்தது.

தீனி இல்லை. அறுக்கப்போகிற கோழிக்குத் தீனி போடமாட்டார்களாம், வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். மோர்டனில் தமிழ்க் கடையில் வாங்கிவைத்திருந்த சிவப்பரிசி மூட்டை அவள் நினைவுக்கு வந்தது. கேட்காமலே போய்ச் சட்டி நிறைய ஊறவைத்துக் கொண்டுவந்தாள்.

ஃபெய்கா அரிசியைப் பார்த்துவிட்டு, "இது உங்களுடைய சாப்பாடு அல்லவா?" என்றாள்.

"இதுகளும் சாப்பிடும்," என்றாள் பெர்னடெற். "நீங்கள் சாப்பிட்டாச்சோ?"

"இன்னும் இல்லை. நம்முடைய பொறுப்பில் இருக்கிற பிராணி தின்னாமல் நாம் சாப்பிட உட்காரக்கூடாது."

பெர்னடெற் சட்டியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து வாய்க்குள் வைத்திருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. "எப்பிடியும் வெட்டத்தானே போறியள்? பிறகேன் இவ்வளவு பாடு?"

ஃபெய்கா கணவரைப் பார்த்தாள். லிப்மன் அப்போதும் பெர்னடெற்றைப் பார்க்கவில்லை, கோழிகளைத்தான் பார்த்தார். பதில் தெரிந்தவரைப் போல அல்ல, தானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தவரைப் போலச் சொன்னார்: "அறுக்க எனக்கு அனுமதி இருக்கிறது. தாகத்தோடு வைத்திருக்க யாரும் எனக்கு அனுமதி தரவில்லை."

பிறகு அவர்கள் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போனார்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஃபெய்கா மட்டும் திரும்பி வந்தாள்.

அந்தப் பகலை நினைக்கும்போதெல்லாம் பெர்னடெற்றுக்கு அது ஒரு பகல்தானா, பல நாட்களா என்று பின்னாளில் சந்தேகமாக இருக்கும். கொட்டிலின் கூரை யன்னலைப் பனி மூடியிருந்தது. அதன் வழியாகப் பால் போல ஒரு வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஹீற்றர் மெல்ல இரைந்தது. கவிழ்த்துப் போட்ட பெட்டிகளில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோழி எழுந்து நின்றது. ஒரு காலை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தது. பிறகு வைத்தது. அதற்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், உடனே உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று மரத்தூளைக் கால் நகத்தால் கீறியது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"என் பெயருக்கு எங்கள் பாஷையில் பறவை என்று அர்த்தம்," என்றாள் ஃபெய்கா திடீரென்று. சிரித்தாள். "பதினெட்டு வருடம் ஒரு கோழி அறுப்பவருக்குப் பெண்சாதி."

பெர்னடெற்றும் சிரித்தாள். ஒரு கோழி அவள் மடியில் ஏறிப் படுத்தது. அதன் சூடு கோட்டைத் தாண்டி வயிற்றில் இறங்கியது. கண் சொக்கியது. லோண்டரியின் பெரிய யந்திரங்கள் சுழலும் சத்தம் கேட்டது. இல்லை, கோழிகள் தொண்டைக்குள் குறுகுறுக்கும் சத்தம். உலர்த்தியிலிருந்து சூடு மாறாத தலையணை உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கிறாள். மடித்தது மூச்சு விடுகிறது. அடுக்கி வைத்தது மெல்ல எழுந்து நடக்கிறது. லோண்டரிக் கதவு திறந்து கிடக்கிறது. உறைகளெல்லாம் வரிசையாகப் பனிக்குள் இறங்கிப் போகின்றன. எது பனி, எது துணி, எது இறகு என்று தெரியவில்லை. கூப்பிட வேண்டும்போல இருக்கிறது, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

விழித்தபோது கொட்டில் கதவு உண்மையாகவே திறந்திருந்தது. ஒரு கோழி வாசலைத் தாண்டிப் பனியில் நின்றது. அதைத் தூக்கக்கூடாத ஃபெய்கா கைகள் இரண்டையும் விரித்து அதன் முன்னால் குந்தியிருந்தாள். "போ உள்ளே, போ கண்ணே," என்பதுபோல ஏதோ தன் பாஷையில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கோழி அவளைப் பார்த்தது, பனியைப் பார்த்தது. பின்னர் தானாகவே திரும்பி உள்ளே வந்தது.

பொழுது பட்டதும், ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமான மூன்று நட்சத்திரங்களை லிப்மனும் ஃபெய்காவும் வானத்தில் தேடினார்கள். ஓய்வுநாள் முடிந்ததும் லிப்மன் செய்த முதல் வேலை, முற்றத்துக்குச் சொந்தக்காரரான சூஸ்மனுக்குப் போன் பண்ணியதுதான்.

ஞாயிறு காலை பெர்னடெற் பூசை கண்டு திரும்பியபோது சூஸ்மன் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், றப்பர் பூட்ஸ் போட்ட பருத்த மனிதர். இந்தக் கோழிகளை அறுக்கமாட்டேன் என்று லிப்மன் சொல்ல, முற்றத்தில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சூஸ்மன் லண்டனில் பிறந்தவர், ஆங்கிலத்தில் கத்தினார். லிப்மன் தங்கள் இத்திஷ் பாஷையில் தணிந்த குரலில் பதில் சொன்னார். ஃபெய்கா பெர்னடெற்றின் பக்கத்தில் வந்து நின்று, கேட்காமலே அதை ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

"நடக்க முடியாததை விட்டுவிடு, அது நம் மதச் சட்டப்படி ஆகாது. நடப்பவைக்கு என்ன குறை?" என்றார் சூஸ்மன்.

"சட்டத்தில் குறை என்று நான் சொல்லவில்லை. என் கையில் குறை. அது நடுங்குகிறது. நடுங்குகிற கையால் கத்தியை எடுக்கக்கூடாது என்பதும் சட்டம்தான்."

"இந்தத் தெருவில் பத்துப் பிள்ளை பெற்ற வீடுகள் இருக்கின்றன, ஹெர்ஷல். வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோழி வேண்டாமா அவர்களுக்கு? வேறு பண்ணைக்குப் போனால் விலை ஏறும். அந்தப் பாவம் யாருக்கு?"

லிப்மன் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூஸ்மன் கோபத்தோடு கொட்டில் கதவைத் தள்ளினார். உள்ளே கோழிகள் சிவப்பரிசியைக் கொத்திக்கொண்டிருந்தன. சுவரோரம், சாக்கால் மூடிய செத்த கோழிகள். அவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

"அரிசி யார் போட்டது?"

லிப்மன் தலையால் மாடியைக் காட்டினார். சூஸ்மன் பெர்னடெற்றைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். பிறகு லிப்மனிடம், "சரி. பண்ணைக்குப் போவோம். நீயும் வா," என்றார்.

கோழிகள் திங்கட்கிழமை முழுக்க இளைப்பாறின. சிறகு முறிந்தவற்றைச் சூஸ்மன் தன் வான் வண்டியில் ஏற்றி, லண்டனுக்கு வெளியே எசெக்ஸில் கோழி வளர்க்கும் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார். மற்றவை செவ்வாய்க்கிழமை அறுக்கப்பட்டன. பெர்னடெற்றுக்கு அன்று பின்னேர ஷிப்ட். யன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; இழுக்கவில்லை. லிப்மன் கத்தியின் விளிம்பை நகத்தில் ஓட்டிப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். ஏதோ செபம் சொன்னார். அவர் கை நடுங்குகிறதா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. முதல் கோழி ஒரு இழுப்பில் முடிந்தது. அவர் குனிந்து மரத்தூளை அள்ளி, சிந்திய இரத்தத்தை ஒரு கண்ணை மூடிவிடுவது போல மெதுவாக மூடினார். அதன் பிறகுதான் பெர்னடெற் சீலையை இழுத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பண்ணைக்குப் போய்வந்த கதையை ஃபெய்கா படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். "இவர் திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தார். சாப்பாடு தொடவில்லை. முடிவே தெரியாத நீளமான கொட்டிலாம், பகல் வெளிச்சமே இல்லையாம். எவ்வளவு கோழி என்று கண்ணால் பார்க்க முடியாதாம், சத்தம் மட்டும் கேட்குமாம். 'நம்முடைய பெரியவர்கள் எத்தனையோ எழுதி வைத்தார்கள். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்றார்கள், தாய்ப்பறவையை விரட்டிவிட்டு முட்டையை எடு என்றார்கள். இப்படியொரு கொட்டில் அவர்கள் மனதில் தோன்றியே இருக்காது,' என்றார். அவ்வளவுதான்."

வசந்தம் வருவதற்குள் சூஸ்மன் வேறொரு சின்னப் பண்ணையைக் கண்டுபிடித்தார். அங்கே கோழிகள் புல்லில் மேய்ந்தன. விலை ஏறியது. தெருவில் முணுமுணுத்தார்கள், பாதிப்பேர் வேறு கடைக்கு மாறினார்கள். லிப்மனுக்கு வேலை வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்தது. மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனார். அவருக்கு அது சரியாகப் பட்டதா, ஃபெய்காவுக்கு வீட்டை ஓட்டுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது, இதெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஃபெய்கா முற்றத்துக்கு வரும்போதெல்லாம் மாடி யன்னலை அண்ணாந்து பார்த்துக் கையசைப்பாள். பெர்னடெற்றும் அசைப்பாள்.

வைகாசியில் மோர்டனில், ஊர்க்காரி அருள்மலர் அக்காவின் மகளுக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயில் மண்டபம் நிறையச் சனம். பெரிய தட்டங்களில் கோழிக்கறி, பிட்டு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். பெர்னடெற்றின் கரண்டி கோழிக்குமேல் போய் நின்றது. பிறகு பருப்பை அள்ளிக்கொண்டு நகர்ந்தது.

கிறிஸ்துராஜா அவள் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்தான். "என்ன, நீர் விரதமே?"

"விரதமில்லை."

"பிறகு? சைவமாகிட்டீரோ?"

"இல்லையப்பா. வளர்த்தது ஆரெண்டு தெரியேல்லை."

அவன் கையிலிருந்த கோழிக்காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கடித்தான். மண்டபத்துக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெர்னடெற் பிட்டைக் குழைத்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.